இரண்டாம் நம்பரில் கருவாட்டு வாசம்

ஹட்டனிலிருந்து மச்சான் கேட்டிருந்தான்: "உன் வேன் மாதிரியே ஒன்று விலைக்கு வந்திருக்கு, எடுக்கலாமா?" என்ஜின், டீசல் செலவெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது டாஷ்போர்டில் உள்ள ஒரே ஒரு சுவிட்சைப் பற்றி. கண்ணாடிக்கும் உள்ளேயும் காற்று ஊதும் விசிறியின் வேகத்தை மாற்றும் புளோவர் சுவிட்ச், 1 முதல் 4 வரை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்குச் சில மாதம் முன்னால் வாங்கிய வேன் இது. நானுஓயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நுவரெலியாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறேன். கம்பளிச் சட்டை போட்ட பதினான்கு பேர் மூச்சு விட்டால் முன்கண்ணாடி உள்பக்கமாக வெள்ளையாகிவிடும். வெளியே ஏற்கெனவே மூடுபனி. கொழும்புக்காரருக்குப் புளோவர் சொகுசு, எனக்கு அது கண். சும்மா சொல்லக்கூடாது, ஜனவரிக் காலையில் இதன் ஹீட்டர் தரும் சூடு வேறு எந்த வேனிலும் நான் கண்டதில்லை.

மூன்றாம் வருடம் 1, 2, 3 மூன்றும் செத்துப்போயின. 4 மட்டும் ஊதியது. காதைப் பிளக்கும் சத்தம், ஆனால் ஊதியது. சில மாதம் அப்படியே ஓட்டினேன். அப்புறம் ஒரு வயரிங் பாஸிடம், அதாவது வாகன மின்வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம், காட்டினேன். "புளோவர் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கு. புதுசு விலை கூட, நான் சரி பண்ணித் தாறேன்" என்றார். அரை மணித்தியாலம்தான், எல்லா எண்ணும் வேலை செய்தது. டீக்காசோடு முடிந்துவிட்டது என்று வீட்டில் பெருமை பேசினேன்.

போன வருடம் ஜூலை, மழைக்காலம். 2இல் வைத்து ஏறிக்கொண்டிருக்கிறேன். "மாமா, கருவாட்டு வாசம் வருது" என்றாள் முன்சீட்டில் இருந்த சின்னப் பிள்ளை. யாருடைய சாப்பாட்டுப் பெட்டியோ என்று நினைத்தேன். வயர் செருகும் பிளாஸ்டிக் சொக்கெட் சூடேறிக் கருகத் தொடங்கும்போது மீன் வாசம் வரக்கூடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடுத்த வளைவில் குளோவ் பாக்ஸுக்குக் கீழிருந்து புகை. சாவியை மூடி, பிள்ளைகளை இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டு, பெட்டறி வயரைக் கழற்றினேன். கை நடுங்கியதில் ஸ்பேனர் இரண்டு தரம் விழுந்தது.

கராஜில் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ரெசிஸ்டரின் வெள்ளைச் சொக்கெட் டீச்சாயம் போலப் பழுப்பாகி, ஒரு முனை உருகிய பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருந்தது. விசிறிக் கூண்டுக்குள் பைன் மர ஊசியிலைகள், கிழிந்த டிஷ்யூ, எலிக்கூடு. வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியாக வந்தவை.

ரெசிஸ்டர் சூடாகும் சாமான். வேகத்தைக் குறைப்பதே கரண்டின் சக்தியில் ஒரு பங்கைச் சூடாக மாற்றித்தான். அதனால்தான் அதைப் புளோவர் காற்றுப் பாதையிலேயே வைக்கிறார்கள், அந்தக் காற்றே அதைக் குளிர வைக்கும். குப்பை அடைத்தால் காற்று இல்லை. அப்படிச் சூடு மிஞ்சும்போது அறுந்துபோக அதற்குள்ளேயே ஒரு தெர்மல் பியூஸ் இருக்கிறது. அது அறுந்தால் 1, 2, 3 போகும். 4க்கு ரெசிஸ்டர் தேவையில்லை, அது நேர் லைன். ஆக, மூன்றாம் வருடம் என் வேன் பழுதாகவில்லை, காவல்காரன் வேலை செய்திருக்கிறான். பாஸ் செய்த "சரி" என்னவென்றால், அந்த அறுந்த பியூஸுக்குக் குறுக்கே ஒரு வயர்த்துண்டை வைத்து ஈயம் ஊற்றியது.

வேனின் பியூஸ் பெட்டியில் 30 ஆம்பியர் பியூஸ் இருந்ததே, அது ஏன் போகவில்லை என்று சண்டைக்குப் போனேன். கராஜ் பாஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். குப்பையில் மோட்டார் இறுகி நின்றாலும் 2இல் ரெசிஸ்டரே கரண்டை மட்டுப்படுத்தும். அது 1 ஓம் என்று வைத்தால் சுமார் 10 ஆம்பியர்தான் ஓடும். 30 ஆம்பியர் பியூஸுக்கு அது தூசு. ஆனால் அந்த 10 ஆம்பியர் ரெசிஸ்டரில் 100 வாட் சூடு. ஈயம் உருக்கும் அயர்ன் இரண்டைக் காற்றில்லாத பெட்டிக்குள் போட்டு மூடிய மாதிரி. பக்கத்திலேயே சொக்கெட். மழை ஈரத்தில் அதன் முனை பச்சை பிடித்துத் தளர்ந்திருந்தது, அங்கேயும் தனியாகச் சூடு.

முதல் பாஸ் மேல் இன்னும் கோபம்தான். "குறைச்சலா முடிச்சுத் தாங்க பாஸ்" என்று கேட்டது நான்தான், அதுவும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் வேனைச் செய்தவர்களை விடமாட்டேன். இலை விழும் இடத்தில் துவாரம் வைத்தால் ஒரு வலை வைக்கக்கூடாதா? கொசுவலைக் கம்பியில் நானே வெட்டிப் பொருத்தினேன், ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து ரெசிஸ்டரும் சொக்கெட்டும் எடுப்பித்து மாற்றியாயிற்று. மாதம் ஒருமுறை குளோவ் பாக்ஸைக் கழற்றிப் பார்க்கிறேன். சீட்டுக்கடியில் தீயணைப்பான் ஒன்று.

மச்சான், அந்த வேனை எடுக்காதே. எடுத்தே தீருவேன் என்றால் 1, 2, 3 ஒவ்வொன்றையும் போட்டுப் பார், ரெசிஸ்டரைக் கழற்றி ஈயப் பொட்டு இருக்கிறதா என்று பார். என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டிருந்தாய். மாட்டேன். அந்த ஹீட்டர் எனக்கு வேறு எங்கே கிடைக்கும்?