ஏற்காட்டுச் சமையலுக்கு ஒரு 5 லிட்டர் குக்கர்

சேலம் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய 5 லிட்டர் அலுமினிய குக்கரை, ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டில் எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், இங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் நீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதன் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு தளதளவென்று வெகுநேரம் கொதித்த பிறகும், ஒன்றை எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு நின்றது. பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்துபோன அந்த 5 டிகிரிதான் காரணம்.

குக்கர் நீராவியை உள்ளேயே அடைத்து, வெயிட்டின் கனத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டுகிறது. 1679இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பாப்பின் உருவாக்கிய நீராவிக் கலனும் இதே தத்துவத்தில்தான் இயங்கியது. கடல் மட்டத்தில் சுமார் 121 டிகிரி வரை ஏறும் உள்வெப்பம் இங்கே 118 டிகிரி அளவில் நின்றுவிடும் என்பதால், சேலத்தில் மூன்று விசிலில் குழைகிற பருப்புக்கு நான் நான்கு விசில் விடுகிறேன்.

அடிப்பாகம் கனமாக இருப்பதால் பருப்பு அடிபிடிப்பதில்லை. கைப்பிடியும் உறுதியாக இருக்கிறது. கேஸ்கட்தான் ஏமாற்றம். ஆறாம் மாதமே அது இறுகிப்போய், மூடியின் ஓரத்தில் நீராவி கசிந்து, விசிலே வராமல் போனது. மலையில் குடியிருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். உடன் ஒரு கேஸ்கட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.