நிறமா, சிறகா, செடியா, வாயா? வளவுப் பூச்சிகளை இனங்காண ஓர் ஒப்பீடு

பூவரசு வேலியடியில் கூட்டமாகச் சிவந்து ஊர்வது, கறிவேப்பிலைக் குருத்தில் வெள்ளை நூலாகத் தொங்குவது, தென்னோலையின் அடியில் மாவாகப் படிந்திருப்பது, கட்டில் சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருப்பது ஆகிய நான்கும் உறிஞ்சி உண்ணும் பூச்சிகளின் ஹெமிப்டெரா என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததால் வரும் நட்டமும் சிறிதன்று. இலையைக் கடித்துத் தின்னும் வண்டுக்கும் புழுவுக்கும் எனத் தயாரிக்கப்பட்ட வயிற்று நஞ்சு, இலையின் உள்ளே ஓடும் சாற்றை மட்டும் உறிஞ்சும் பூச்சியை அநேகமாகத் தீண்டுவதில்லை. புழுக்களுக்குப் பெயர்போன பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியாக் கலவையை, சாறுறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவன் மீது எத்தனை முறை தெளித்தாலும் பயன் கிடையாது. ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன்னர் பூச்சி எது என்று தெரியவேண்டும்; அதைத் தெரிந்துகொள்ள நம்மிடையே புழங்கும் வழிகள் நிறம், சிறகு, இருக்கும் செடி, வாய் என நான்கு. இந்த நான்கும் ஒரே தரத்தவை அல்ல.

முதலில் எல்லோரும் நாடுவது நிறத்தை. கைபேசிச் செயலிகளும் பெரும்பாலும் இதையே நம்புகின்றன, ஏனெனில் நாம் எடுத்துக் கொடுப்பது முதுகுப்புறப் படம். பூசணியிலும் பாகலிலும் சிவப்பாக ஏதோ இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது இரண்டு முற்றிலும் வேறான பூச்சிகளில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று பூசணி வண்டு: ஆறு முதல் எட்டு மில்லிமீற்றர் நீளமுள்ள செம்மஞ்சள் வண்டு, முளைவிட்ட வித்திலைகளை ஓட்டை ஓட்டையாகக் கடித்துவிடும். மற்றையது கோரிடியஸ் ஜானுஸ் என்னும் பெரிய மூட்டுப்பூச்சி, அதாவது ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்தது: செம்மஞ்சள் உடலும் கரிய தலையும் கரிய கால்களும் கொண்டது, கொடியின் தண்டில் ஊசிபோன்ற வாயைக் குத்தி அசையாமல் இருக்கும். நிறத்தை வைத்து இரண்டுக்கும் ஒரே மருந்தை அடிப்பவர்கள் நம்மிடையே தாராளமாக இருக்கிறார்கள்.

நிறத்தின் பலவீனம் பூவரசு வேலியில் இன்னும் தெளிவாக வெளிப்படுகிறது. பூவரசு, செவ்வரத்தை, இலவு, வெண்டி ஆகியவற்றின் விதைகளை உறிஞ்சும் டிஸ்டெர்கஸ் சிங்குலாட்டஸ் என்ற சிவப்புப் பருத்திப் பூச்சிக்குத் தலையின் பின்னே கழுத்துப்பட்டை போன்ற ஒரு வெள்ளைக் கோடும், அடிவயிற்றில் குறுக்கு வெள்ளைப் பட்டைகளும், முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளியும் உண்டு. அதே குடும்பத்தில் அண்டிலோகஸ் என்ற இன்னொரு சிவப்புப் பூச்சி இருக்கிறது. அது டிஸ்டெர்கஸையே குத்திக் கொன்று உண்பது. கழுத்தில் வெள்ளைக் கோடு இல்லாததையும் சற்றுப் பெரிய உடலையும் கவனிக்காவிட்டால், நமக்கு வேலை செய்யும் பூச்சியை நாமே நசுக்கிவிடுவோம். அதனால் நிறம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. நிறத்தை மொத்தமாகப் பார்ப்பதைவிட, எந்த இடத்தில் என்ன கோடு என்று பார்த்தால் மாத்திரமே அது உதவும்.

சிறகு இதைவிட உறுதியான அடையாளம், ஆனால் எல்லோருக்கும் பொருந்தாதது. வண்டின் முன்சிறகுகள் இரண்டும் கடினமான மூடிகளாகி முதுகின் நடுவே ஒரே நேர்கோட்டில் சந்திக்கும். மூட்டுப்பூச்சியின் முன்சிறகோ அடிப்பாதி தோல்போலத் தடித்தும் நுனிப்பாதி கண்ணாடித்தாள் போல மெல்லியதாகவும் இருக்கும். மடித்து வைக்கும்போது நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முதுகில் பெருக்கல் குறி ஒன்று தோன்றும். அந்தக் குறியின் மேற்பிளவில் ஒரு முக்கோணத் தகடு அமர்ந்திருக்கும். பச்சை நிற நெசாரா, நெற்கதிரைப் பால்பருவத்தில் உறிஞ்சும் ஒடுங்கிய நெல் மூட்டுப்பூச்சி, எருக்கலையில் காணும் சிவப்பு கறுப்பு ஸ்பைலோஸ்டெதஸ் ஆகிய யாவற்றிலும் இதைத் தெளிவாகக் காணலாம்.

ஆனால் இந்த வரிசையின் பாதிப்பேருக்கு அப்படிப்பட்ட சிறகு கிடையாது. தத்திகள், மரத்தில் இரையும் சில்வண்டு, வெண் ஈ, சிறகு முளைத்த அழுக்கணவன் ஆகியவற்றின் முன்சிறகு முழுவதும் ஒரே தன்மையானது; பெரும்பாலானவை அதைக் கூரை இறக்கம் போலச் சாய்த்து வைத்திருக்கும். குஞ்சுகளுக்குச் சிறகே இல்லை. மாப்பூச்சியின் பெண்ணுக்கும் படுக்கை மூட்டைக்கும் ஆயுள் முழுவதும் இல்லை. போதாததற்கு, கேடயப்பூச்சிக் குடும்பத்தில் அந்த முக்கோணத் தகடு வளர்ந்து முதுகு முழுவதையும் மூடிவிடுவதால், பச்சையும் நீலமுமாக மினுங்கும் அப்பூச்சியைப் பொன்வண்டு என்று சொல்பவர்களைக் குறைகூற முடியாது. நடுக்கோடு இல்லாத ஒற்றை ஓடு என்பதே அதற்குரிய அடையாளம்.

செடியை வைத்து இனங்காண்பது தோட்டக்காரரின் வழி, அதில் அனுபவத்தின் நியாயம் இருக்கிறது. அலரியிலும் எருக்கலையிலும் மஞ்சள் நிறத்தில் நெருங்கி மொய்ப்பது அலரி அழுக்கணவன் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். கறிவேப்பிலை, தேசி ஆகியவற்றின் இளங்குருத்தில் மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவில், தலையைத் தாழ்த்தி வாலை 45 பாகை உயர்த்தி அமர்ந்திருப்பது டயஃபோரினா சிட்ரி என்ற சைலிட் வகைச் சாறுறிஞ்சிப் பூச்சி. அதன் குஞ்சுகள் வெளிவிடும் மெழுகு நூல்களே நாம் காணும் வெள்ளைத் தொங்கல்கள். இந்த ஓர் இருப்பை ஒருமுறை கூர்ந்து பார்த்தவருக்குப் பிறகு உருப்பெருக்கி தேவைப்படாது. வேம்பிலும் மரமுந்திரிகையிலும் கொய்யாவிலும் நுளம்பின் சாயலில் நிற்கும் ஹெலோபெல்டிஸ் என்ற மூட்டுப்பூச்சியையும் இவ்விதமே சொல்லலாம். அதன் முதுகில் குண்டூசி நட்டதுபோல ஒரு முள் நிமிர்ந்து நிற்கும்.

எனினும் நெசாரா போன்றவை கத்தரி, பயறு, தக்காளி என்று எதையும் விடுவதில்லை. வேட்டையாடிகள் இரை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும். செடியின் நோய்க்குறியை வைத்துப் பூச்சியை ஊகிப்பதோ இன்னும் ஆபத்தானது: மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்), கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிற்றுண்ணி, இரண்டுமே ஹெமிப்டெரா அல்ல. சின்ன வெங்காயத் தாளில் வெள்ளி மினுக்கம் காட்டும் பனிப்பூச்சியையும் சாறுறிஞ்சி என்ற பொதுப்பெயரில் அழுக்கணவனோடு சேர்த்துவிடுவது வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் இன்றும் நடக்கிறது. மாறாக, இலைமேல் பிசுபிசுப்பும், அதன்மேல் கரும்பூஞ்சணமும், எறும்பு வரிசையும் ஒன்றாகத் தென்பட்டால், மேலேயோ இலையின் அடியிலோ அழுக்கணவன், மாப்பூச்சி, வெண் ஈ, செதில் பூச்சி ஆகியவற்றில் ஒன்று இருக்கும் என்பதை அநேகமாக நம்பலாம்.

நாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மூட்டுப்பூச்சிகளுக்கு மார்பின் அடியிலும் அவற்றின் குஞ்சுகளுக்கு வயிற்றின் முதுகுப்புறத்திலும் நாற்றச் சுரப்பிகள் உண்டு. ஆனால் நாறும் வண்டுகளும் உலகில் குறைவில்லை.

எஞ்சுவது வாய். என் கணிப்பில் மற்ற மூன்றையும்விட இது ஒன்றே மேலானது, ஏனெனில் சிறகில்லாத குஞ்சு முதல் முதிர்ந்த பூச்சி வரை இந்த வரிசையில் ஏறத்தாழ எல்லோரிடமும் இது உண்டு. ஒரு கண்ணாடிப் போத்தலில் பூச்சியை விட்டு, போத்தலின் அடிப்பக்கமாகப் பார்த்தால் போதும். வண்டுக்குத் தலையின் முன்னே பக்கவாட்டில் அசையும் தாடைகள் தெரியும். மூட்டுப்பூச்சிக்குத் தாடை இராது. தலையின் முன்பகுதியிலிருந்து புறப்பட்டு, கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டி மடிந்திருக்கும் கணுக்களுள்ள ஓர் ஊசியுறை தெரியும். தத்திகளிலும் சில்வண்டிலும் அது தலையின் பின்னடியிலிருந்து புறப்படும். அழுக்கணவனிலும் மாப்பூச்சியிலும் முன்கால்களுக்கு நடுவிலிருந்தே முளைத்ததுபோல் தோன்றும். ஆக, வாயின் இருப்பிடம் ஒன்றே வரிசையை மட்டுமன்றி அதன் பெரும்பிரிவையும் காட்டிக்கொடுக்கிறது.

அதன் வடிவம் உணவையும் சொல்கிறது. செடியுண்ணிகளில் ஊசியுறை நான்கு கணுக்களோடு மெலிந்து, நேராக உடலோடு படிந்திருக்கும். கொலைப்பூச்சி எனப்படும் ரெடுவிட் குடும்பத்தில் அது குட்டையாக, தடித்து, மூன்று கணுக்களோடு தலையின் கீழே கொக்கிபோல் வளைந்து நிற்கும். வெறுங்கையால் பிடித்தால் இது குத்தும், குத்தினால் நன்றாகவே வலிக்கும். ஆகவே போத்தலும் தடித்த கடதாசியும் இன்றி இச்சோதனையைச் செய்யவேண்டாம். நாற்றப்பூச்சிக் குடும்பத்திலேயே இயோகாந்தெகோனா என்ற புழுவேட்டைக்காரன் உண்டு. தோளில் கூர்முள்ளும் தடித்த ஊசியுறையும் உள்ள அதை, கத்தரியில் கண்டவுடன் கொல்லாமல் விடுவதே நியாயம்.

வாய்ச் சோதனை இன்னொரு குழப்பத்தையும் தீர்க்கிறது. பப்பாசியிலும் செவ்வரத்தையிலும் வெள்ளை மெழுகு போர்த்திய மாப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே மெழுகுக் கோலத்தில் ஒன்று மட்டும் வேகமாக ஓடித்திரிந்தால், அது மாப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்கக்கூடும். கடிக்கும் தாடையே இதன் சாட்சி. 2008இல் இலங்கையில் பப்பாசி மாப்பூச்சி கண்டறியப்பட்டபோது, அதைக் கட்டுப்படுத்த வெளியிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே கொண்டுவரப்பட்டன. இத்தகைய இயற்கை எதிரிகளை மருந்தால் அழித்துவிட்டால் மாப்பூச்சிக்கே இலாபம்.

வாயும் கைவிடும் இடங்கள் உண்டு. டிஸ்டெர்கஸுக்கும் அண்டிலோகஸுக்கும் ஊசியுறை ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே கழுத்துக் கோட்டுக்கும், ஊசி விதையில் இருக்கிறதா இன்னொரு பூச்சியில் இருக்கிறதா என்பதற்கும் திரும்பவேண்டியிருக்கும். வீட்டுக்குள்ளே படுக்கை மூட்டையையும் நாயின் உண்ணியையும் பிரிக்க வாயைத் தேடுவதும் வீண் சிரமம். மூட்டைக்கு ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும், உண்ணிக்கு எட்டுக் கால்களும் கொம்பின்மையும் என்று எண்ணினால் முடிந்தது. அப்போதுதான் பொரித்த உண்ணிக்குஞ்சுக்கு மட்டும் கால்கள் ஆறு என்பதால் கொம்பையே பார்க்கவேண்டும்.

ஐயம் தீராவிட்டால், பூச்சியை அது இருந்த இலையோடு போத்தலில் இட்டு, முதுகுப்புறமும் அடிப்புறமுமாக இரண்டு படங்கள் எடுத்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அடிப்புறப் படம் இல்லாமல் போனால், அவரும் நிறத்தை வைத்தே ஊகிக்க நேரிடும்.