காம்பாக்ட் டிராக்டருக்குப் பாக்ஸ் பிளேடு: அகலத்துக்கு முன்னால் எடையைப் பாருங்கள்

பாக்ஸ் பிளேடு என்பது டிராக்டரின் பின்னால் மாட்டி, மண்ணை வெட்டி இழுத்துச் சமப்படுத்தும், பக்கத் தகடுகள் கொண்ட பெட்டி வடிவக் கருவி. காம்பாக்ட் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கருவிகளை மாட்டும் பின்புறக் கைகள், கருவியைத் தூக்குமே தவிர, கீழ்நோக்கி அழுத்தாது. லிவரை இறக்கினால் சிலிண்டரிலிருந்து எண்ணெய் வெளியேறிக் கைகள் தளர்கின்றன. அதன்பின் பிளேடை மண்ணுக்குள் இறக்குபவை அதன் சொந்த எடையும் அது சாய்ந்திருக்கும் கோணமும் மட்டுமே. பாக்ஸ் பிளேடு வாங்குவோர் எதிர்கொள்ளும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஓர் உண்மையே விடை தருகிறது என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

5 அடி அகலமுள்ள பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 150 கிலோ எடையுள்ள இலகு வகையும், 300 கிலோவை நெருங்கும் கன வகையும் ஒரே அகலத்தில் கிடைக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கொட்டி வைத்த சரளையைப் பரப்புவதும், ஏற்கெனவே உழுது இளகிய மண்ணைச் சமப்படுத்துவதும் மட்டுமே வேலையென்றால் இலகு வகை குறை வைக்காது. ஆனால் வண்டிகள் ஓடி இறுகிப்போன பாதையில் அதை இழுத்துப் பார்த்தால், அலகு மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டே வழுக்கிச் செல்லும். இறுகிய மண்ணைக் கிளறும் பல்போன்ற கொத்துகளை இறக்கினாலும் அவை மண்ணில் புகுவதற்குப் பதிலாகப் பெட்டியையே மேலே தூக்கி நிறுத்திவிடும். ஓர் அடி அகலத்துக்கு 45 கிலோ என்ற அனுபவக் கணக்கு இதனால்தான் பலராலும் சொல்லப்படுகிறது. அதன்படி 5 அடிப் பெட்டிக்குச் சுமார் 225 கிலோ வேண்டும்.

இலகுவான பெட்டியின் மேல் பாரம் கட்டிச் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். கட்டினால் நன்றாக வெட்டத்தான் செய்யும். ஆனால் கன வகையின் எடை தடித்த தகட்டிலிருந்தும் கனத்த சட்டத்திலிருந்தும் வருவது. மேலே கட்டிய கல்லோ இரும்போ மெல்லிய தகட்டைத் தடிமனாக்குவதில்லை. மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரிலோ பாறையிலோ ஒரு மூலை மாட்டும்போது சட்டம் முறுக்கிக்கொண்டால், அதன்பின் எப்படிச் சரிசெய்தாலும் அலகு நேர்கோட்டில் வெட்டாது.

கன வகைக்கும் ஓர் எல்லை உண்டு, அதை வகுப்பது டிராக்டர். தூக்கும் திறனை இணைப்புக் கைகளின் முனையில் அளந்தும் சொல்வார்கள், அதற்கு 610 மி.மீ. பின்னால் அளந்தும் சொல்வார்கள். பெட்டியின் எடை கைகளுக்குப் பின்னால்தான் விழுகிறது என்பதால் இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும்; அது எப்போதும் முதல் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். பின்னால் கனம் கூடினால் முன் சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். முன்பக்கம் லோடர் பொருத்தியிருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை; இல்லாதவர்கள் முன்பக்க எடைக்கட்டைகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை அளவுநாடாவே போதும். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, அதற்குச் சமமான அல்லது இருபுறமும் சில செ.மீ. மட்டும் கூடுதலான பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டயர் தடத்தைவிடக் குறுகலான பெட்டி, சமப்படுத்திய நிலத்தின் ஓரத்தில் டயர்த் தடத்தை விட்டுச் செல்லும். சுவரையோ வேலியையோ ஒட்டி வெட்டவும் அதனால் முடியாது. பல டிராக்டர்களில் பின் சக்கரத்தைத் திருப்பிப் பொருத்தித் தடத்தின் அகலத்தை மாற்ற இயலும். அப்படி மாற்றும் எண்ணம் இருந்தால் மாற்றிய பிறகு அளப்பதே முறை. பொதுவாக 25 குதிரைத்திறன் வரையிலான சிறு டிராக்டருக்கு 4 அடியும், 25 முதல் 35 வரை 5 அடியும், அதற்கு மேல் 6 அடியும் பொருந்தும்.

குதிரைத்திறனைவிட இழுவைப் பிடிதான் உண்மையான தடை என்பதை ஒரு கணக்குக் காட்டும். உள்ளே 45 செ.மீ. உயரமும் 45 செ.மீ. ஆழமும் கொண்ட 5 அடிப் பெட்டியில் சுமார் 0.3 கன மீட்டர் மண் அடங்கும். இளகிய மண் கன மீட்டருக்கு 1.3 டன் என்று கொண்டால் அது 400 கிலோ. அதே உயரமும் ஆழமும் உள்ள 6 அடிப் பெட்டியில் அது 480 கிலோவாகும். இந்தப் பாரத்தோடு அலகு வெட்டும் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 1 டன் எடையுள்ள டிராக்டரின் சக்கரங்கள் எஞ்சின் திணறுவதற்கு முன்பே சுழலத் தொடங்கிவிடும். அதோடு, ஒரே எடையை 6 அடி நீள அலகில் பரப்பினால் ஒவ்வோர் அங்குலத்தின் மீதும் விழும் அழுத்தமும் குறைகிறது. ஆகவே, 250 கிலோ எடையுள்ள 5 அடிப் பெட்டியும் அதே எடையுள்ள 6 அடிப் பெட்டியும் எதிரெதிரே இருந்து, இரண்டுமே டயர் தடத்தை மூடுமானால், நான் தயங்காமல் 5 அடியையே எடுப்பேன்.

அடுத்த போட்டி பின் அலகைப் பற்றியது. நிலையான வகையில் முன்னோக்கி வெட்டும் அலகும் பின்னோக்கி வெட்டும் அலகும் ஒரே சட்டத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். கீல் வைத்த வகையில் பின் அலகு கதவைப்போலத் தொங்கும். முன்னே செல்லும்போது அது பின்புறமாக விலகி மண்ணை வழியவிட்டுப் பரப்பும், பின்னே செல்லும்போது சட்டத்தில் முட்டி நின்று மண்ணைத் தள்ளும். கீல் வகையில் முன் அலகு மேலும் தாராளமாக வெட்டும் என்பதும், பரப்பும் வேலை சீராக அமையும் என்பதும் உண்மையே. ஆனால் நிலையான வகையில் பின் அலகு தரையில் ஊன்றி, முன் அலகு அளவுக்கு மீறிப் புதைவதைத் தடுக்கிறது. புதிதாகப் பழகுபவருக்கு இந்தத் தடை பெரிய உதவி. கீல் வகையில் அவர் தோண்டிவிடும் பள்ளத்தை நிரப்புவதற்கே பாதி நாள் போய்விடும். கீலில் கல் சிக்குவதும், காலப்போக்கில் அது தேய்ந்து ஆட்டம் கொடுப்பதும் தனிக் கணக்கு. நீண்ட பாதையை வாரந்தோறும் பராமரிப்பவர் தவிர மற்றவர்களுக்கு நிலையான வகையே பொருந்தும் என்பது என் முடிவு.

கொத்துகளின் எண்ணிக்கையில் பெரிய சர்ச்சை இல்லை. 5 அடிக்கு ஐந்து, 6 அடிக்கு ஆறு என்பதே வழக்கம். அவற்றின் நுனி கழற்றி மாற்றத்தக்கதா, உயரத்தை மாற்றும் ஊசி எளிதில் கழல்கிறதா என்பவற்றைப் பார்த்தால் போதும். மிக இறுகிய தரையில் எல்லாக் கொத்துகளையும் ஒருசேர இறக்கினால் எடை பங்கிடப்பட்டு எதுவும் ஆழமாகப் புகாது. ஒன்றுவிட்டு ஒன்றை உயர்த்திவைத்து முதல் ஓட்டத்தை முடிப்பது நல்லது. கொத்துகள் மண்ணில் இருக்கும்போது டிராக்டரைப் பின்னோக்கி நகர்த்தவே கூடாது, ஏனென்றால் அவை முன்னோக்கி இழுப்பதற்காகவே அமைந்தவை. எதிர்த்திசை விசையில் வளைந்துவிடும்.

ஹைட்ராலிக் வசதிக்குச் செலவிட இருப்பவர், கொத்துகளை இயக்கும் சிலிண்டரைவிட, மூன்று புள்ளி இணைப்பின் மேல் கையான டாப் லிங்கை ஹைட்ராலிக் ஆக்குவதற்கே அதைச் செலவிட வேண்டும். டாப் லிங்கைக் குறுக்கினால் பெட்டி முன்னோக்கிச் சாய்ந்து, கொத்துகளும் முன் அலகும் கடிக்கும். நீட்டினால் பின்னோக்கிச் சாய்ந்து, பின் அலகு தரையைத் தடவிச் சமப்படுத்தும். ஒரே பாதையில் இந்த மாற்றம் பத்து முறை தேவைப்படலாம். திருகி மாற்றுவதானால் ஒவ்வொரு முறையும் இருக்கையிலிருந்து இறங்கியாக வேண்டும் என்பதால், பலர் ஒரே கோணத்திலேயே முழு வேலையையும் செய்துவிட்டுக் கருவியைக் குறை சொல்கிறார்கள். இரட்டைச் செயல் சிலிண்டரை இணைக்கப் பின்புறத்தில் ஒரு ஜோடி எண்ணெய் இணைப்பு இருந்தால் போதும்.

சிலருக்குப் பாக்ஸ் பிளேடே தேவைப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டி பின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. முன் சக்கரம் மேட்டில் ஏறினால் டிராக்டர் பின் அச்சைப் பற்றிச் சாய, பெட்டி கீழிறங்கி அதிகம் வெட்டுகிறது. பின் சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பெட்டி உயர்ந்து மண்ணை விட்டுச் செல்கிறது. கவனமில்லாமல் ஓட்டினால் பாதை முழுவதும் அலையலையாக மாறுவது இதனால்தான். நீண்ட சறுக்குத் தகடுகளில் தானே ஊன்றிச் செல்லும் லேண்ட் பிளேன் என்ற சமப்படுத்தும் கருவி, டிராக்டரின் ஆட்டத்தைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே ஏற்கெனவே அமைந்த சரளைப் பாதையைச் சீராக வைத்திருப்பது மட்டுமே வேலையென்றால் அதுவே மேலானது. ஆனால் மண்ணை அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் கொட்டவோ, பின்னோக்கித் தள்ளிக் குழியை மூடவோ அதனால் இயலாது. கோணம் திருப்பத்தக்க சாதாரணப் பின் பிளேடு, மண்ணை ஒருபுறம் ஒதுக்கவும் ஓரக் கால்வாய் எடுக்கவும் சிறந்தது. பக்கத் தகடு இல்லாததால் மண் இருபுறமும் சிந்திவிடும் என்பதே அதன் குறை. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் வேலை முதன்மையானால் மட்டும் பாக்ஸ் பிளேடைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக இணைப்பு. காம்பாக்ட் டிராக்டர்களில் பரவலாக உள்ள முதல் வகை (Category 1) இணைப்புக்குக் கீழ் ஊசிகள் 22 மி.மீ., மேல் ஊசி 19 மி.மீ. விட்டம் கொண்டவை, மிகச் சிறியவற்றில் காணப்படும் பூஜ்ய வகையில் (Category 0) எல்லாமே 16 மி.மீ. விரைவு இணைப்புச் சட்டம் வைத்திருப்பவர்கள், பெட்டியின் மேல் ஊசி கீழ் ஊசிகளிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் பல இதில் பொருந்துவதில்லை. கீழ் ஊசியை ஒற்றைத் தகட்டில் நிறுத்தியதைவிட, இரு தகடுகளுக்கு நடுவே தாங்கிய அமைப்பு பக்கவாட்டு விசையை நன்றாகத் தாங்கும். வெட்டும் அலகு பற்றவைக்கப்படாமல் போல்ட்டில் பொருத்தப்பட்டிருந்தால், ஒருபுறம் தேய்ந்ததும் திருப்பி மாட்டலாம். முடிந்தால் வாங்கும் முன்பே பெட்டியை உங்கள் டிராக்டரில் மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி இறங்கிப் பார்க்கும்போது பக்கத் தகட்டுக்கும் டயருக்கும் இடையே நான்கு விரல் அளவு இடைவெளி இல்லையென்றால், மேடுபள்ளத்தில் பெட்டி ஆடும்போது தகடு டயரை அறுக்கும்.