வரைஞ்ச படமா சிஜி படமா, சண்டைய கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம்

அனிமேஷன் படம்னா கைல வரைஞ்சது ஒசத்தியா, கம்ப்யூட்டர்ல செஞ்சது, அதாவது சிஜி, ஒசத்தியா? இந்தச் சண்டை ஒரு தடவ ஆரம்பிச்சா விடிய விடிய ஓடும். கைல வரைஞ்சதுல தான் உயிர் இருக்குன்னு ஒரு கட்சி, அது உன் சின்ன வயசு ஞாபகம் பேசுது, இப்ப இருக்கற சிஜி ரேஞ்சே வேறன்னு இன்னொரு கட்சி. நான் வரைஞ்ச படம் பக்கம் தான், முதல்லயே சொல்லிடறேன். ஆனா நம்ம ஆளுங்க சொல்ற காரணத்துல பாதி தப்பு, அதான் எரிச்சல்.

முதல் தப்பு, சிஜின்னா பட்டன தட்டினா படம் வந்துடும்ங்கற நெனப்பு. முழுக்க கம்ப்யூட்டர்லயே செஞ்ச முதல் முழுநீளப் படம் டாய் ஸ்டோரி, 1995ல வந்துச்சு, அதுல ஒரே ஒரு ஃபிரேம், அதாவது அசையாத ஒரு ஒத்தப் படம், ரெண்டர் ஆகி கம்ப்யூட்டர்லேர்ந்து வெளிய வரவே மணிக்கணக்கு ஆச்சு, ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம்னு நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க. 2001ல வந்த மான்ஸ்டர்ஸ் இன்க்ல அந்தப் பெரிய நீலக்கலர் ஆளுக்கு மட்டும் 23 லட்சம் முடி, அவன் ஓடினா படுத்தா அத்தனையும் சரியா அசையணும். அதுக்கும் முன்னாடி மாடல் செய்யணும், உள்ள எலும்புக்கூடு மாதிரி ரிக் போடணும், தோல் துணி வெளிச்சம்னு ஒவ்வொண்ணா கட்டணும்.

உண்மையான வித்தியாசம் இங்க தான் இருக்கு, செலவு எந்த இடத்துல விழுதுங்கறதுல. சிஜில எல்லாத்தையும் முன்னாடியே கட்டி முடிக்கணும், கட்டிட்டா அப்புறம் கேமராவ எங்க வேணா தூக்கிட்டுப் போகலாம், ஒரு மாட்ட செஞ்சுட்டா ஆயிரம் மாடு ஓட வைக்கலாம். வரையறதுல அப்படியே தலைகீழ். ஒரே ஒரு சீன்ல வந்துட்டுப் போற கிழவி வேணுமா, பென்சில எடுத்து வரைஞ்சா முடிஞ்சுது, ஆனா கேமரா அவளச் சுத்தி வரணும்னு டைரக்டர் சொன்னாருன்னா போச்சு, ஒவ்வொரு ஃபிரேம்லயும் கோணம் மாறும், அவளுக்குப் பின்னாடி இருக்கற மொத்த வீட்டையும் திரும்பத் திரும்ப வரையணும். அதனால தான் 1991ல பியூட்டி அண்ட் தி பீஸ்ட்ல ஆடற ரெண்டு பேர கைல வரைஞ்சுட்டு அந்த பெரிய ஹால மட்டும் கம்ப்யூட்டர்ல செஞ்சாங்க, 1994ல லயன் கிங்ல அந்த மிருகக் கூட்டம் பள்ளத்தாக்குல பாஞ்சு வர்ற சீனும் கம்ப்யூட்டர் தான். லயன் கிங் சுத்தமான கைவேலைன்னு சத்தியம் பண்றவங்க இத கவனிக்கணும். பேப்பர்ல வரைஞ்சது நிஜம், ஆனா ஸ்கேன் பண்ணி கலர் அடிச்சது கம்ப்யூட்டர்ல. டிஸ்னில பழைய மாதிரி செல்னு சொல்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்ல பெயின்ட் அடிச்ச கடைசி முழுநீளப் படம் 1989ல வந்த லிட்டில் மெர்மெய்ட், அதோட அந்த முறை முடிஞ்சுது.

சரி, அப்ப வரைஞ்சதுல அப்படி என்ன இருக்கு? ஏமாத்து வேலை. நல்ல அர்த்தத்துல தான் சொல்றேன். ஒருத்தன் சட்டுனு திரும்பறான்னா நடுவுல ஒரு ஃபிரேம்ல மூக்கு ரெண்டா இருக்கும், முகம் ரப்பர் மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும், பாஸ் பண்ணிப் பாத்தா கண்றாவி, ஓடவிட்டா அவ்வளவு வேகம். ஒவ்வொரு ஃபிரேமும் புதுசா வரையறதால கோவம் வந்தா தலைய பெருசாக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ரிக் போட்ட பொம்ம அதுக்குன்னு கட்டின அளவுக்குத் தான் வளையும், மீறினா கிழிஞ்ச மாதிரி ஆயிடும். சிஜில இத செய்யவே முடியாதுன்னு இல்ல, டிவில வரைஞ்சு வளந்த கென்டி டார்டகாவ்ஸ்கி 2012ல ஹோட்டல் டிரான்சில்வேனியா எடுத்தப்ப பொம்மைங்கள அந்த அளவுக்கு முறுக்க வெச்சாரு. அதுக்கும் முன்னாடி 1987லயே ஜான் லாசெட்டர், பின்னாடி டாய் ஸ்டோரி எடுத்தவரு, அவரும் டிஸ்னில வரைஞ்சவர் தான், நசுக்கறது இழுக்கறது மாதிரி பழைய பென்சில் பாடத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல எப்படி கொண்டுவரலாம்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினாரு. அதாவது சிஜிக்கு நடக்கக் கத்துக்கொடுத்ததே நம்ம கட்சி.

வயசாகறதுன்னு ஒரு விஷயம் இருக்கு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல, வரைஞ்சது ஜெயிக்குது. 1937 ஸ்னோ வைட்ல அந்த வாட்டர்கலர் காடு இன்னிக்கும் அழகு. 1988ல வந்த ஜப்பான் படம் அகிராவ இப்ப பெரிய திரையில போட்டாலும் வாய் பொளக்கும். டாய் ஸ்டோரில பொம்மைங்க தப்பிச்சுடுச்சு, ஏன்னா அதுங்க பிளாஸ்டிக், அப்ப இருந்த சிஜிக்கு பிளாஸ்டிக் தான் நல்லா வரும், ஆனா அதுல வர்ற பசங்க மூஞ்சியையும் அந்த நாயையும் இப்ப பாருங்க, பாவமா இருக்கும். நிஜ மனுஷன் மாதிரியே வரணும்னு ஆசைப்பட்டது இன்னும் மோசம், 2004 போலார் எக்ஸ்பிரஸ்ல அந்தக் கண்ணப் பாத்தா குழந்தைங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது.

கோவம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. 2002ல டிஸ்னியோட டிரெஷர் பிளானட் படுத்துடுச்சு, சுமார் 14 கோடி டாலர் போட்டு 11 கோடி தான் வந்துச்சு, உடனே வரைஞ்ச படத்துக்கு காலம் போச்சுன்னு பேச்சு, 2004ல ஃபுளோரிடா ஸ்டுடியோவையே மூடிட்டாங்க. அதே 2002ல, அதே டிஸ்னி, அந்த ஃபுளோரிடா ஸ்டுடியோவுலயே செஞ்ச லைலோ அண்ட் ஸ்டிட்ச் கைல வரைஞ்சது தான, அது சக்கப்போடு போட்டுச்சே, அத யாரும் பேசல. அதுக்கு முந்தின வருஷம் ஃபைனல் ஃபேன்டசின்னு முழு சிஜி படம் ஒண்ணு 13 கோடிக்கு மேல முழுங்கிட்டு மண்ணக் கவ்வுச்சு, அப்ப சிஜிக்கு காலம் போச்சுன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?

வேகம்னு பாத்தா நம்ம கட்சிக்கு பதிலே இல்ல. ஜப்பான்ல கைல வரையற கிப்லி ஸ்டுடியோவுல ஒரு படத்துக்கு 60 பேர் உக்காந்து மாசத்துக்கு ஒரு நிமிஷம் தான் முடிக்கறாங்கன்னு 2020ல தயாரிப்பாளர் டோஷியோ சுசுகியே சொன்னாரு. அந்தப் படம், தி பாய் அண்ட் தி ஹெரான், 2023ல வந்து அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கிச்சு, ஆனா இப்படி காத்திருக்க எத்தன பேர் கிட்ட பணம் இருக்கு.

சிஜி கட்சிய நான் மதிக்க ஆரம்பிச்சது 2018ல வந்த சிஜி ஸ்பைடர்மேன் படம் ஸ்பைடர்வெர்ஸ் பாத்த அப்புறம். ஸ்பைடர்மேன் வேலைய புதுசா பழகற பையன ஒரே போஸ்ல ரெண்டு ரெண்டு ஃபிரேமா நிறுத்தி, அதாவது செகண்டுக்கு 12 படமா அசைய வெச்சு, கூட ஓடற அனுபவசாலிய 24லயே ஓட விட்டாங்க, அந்த ஒரு வித்தியாசத்துலயே பையனுக்கு இன்னும் வரலன்னு தெரிஞ்சுடும். ரெண்டு ரெண்டா நிறுத்தறது பழைய வரையற ஆளுங்க கை நோவக் குறைக்கக் கண்டுபிடிச்ச வழி.

ரெண்டு கட்சியும் ஒண்ணா உக்காந்து பாக்கணும்னா 1999ல வந்த அயர்ன் ஜயன்ட் போடுங்க. பையன் பென்சில், ரோபோ கம்ப்யூட்டர். பக்கத்துல பக்கத்துல நிக்கறப்ப ரோபோ கோடு ரொம்ப நேரா, ஒட்டாத மாதிரி தெரிஞ்சிருக்கு, அதனால அந்தக் கோடு லேசா நடுங்கறதுக்குன்னே தனியா ஒரு புரோகிராம் எழுதினாங்க.