யாங்கோன்ல (நம்ம பழைய ரங்கூன்) சாப்பிடப் போறீங்களா, மொதல்ல மணி பாருங்க

போன மாசம் மச்சான் மதுரையில இருந்து வந்திருந்தான், அஞ்சு நாள் லீவு. மொத நாள் நிதானமா எந்திரிச்சு குளிச்சு திருநீறு பூசி ஒன்பதரை மணிக்கு "மாப்ள, அந்த மொஹிங்கா மொஹிங்கான்னு போன்ல சொல்லுவியே, அது எங்க, கெளம்புவோம்"ங்கிறான். கீழ எறங்கிப் போனா முக்குல மொஹிங்கா, அதாவது மீன் கொழம்பு ஊத்துன நூடுல்ஸ், விக்கிற அம்மா பானையைக் கவுத்துப் போட்டு தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. என்னைப் பாத்து சிரிச்சுட்டு கையை விரிச்சாங்க. அப்பறம் என்ன, பசியில கண்ணுல பட்ட மொத கடைக்குள்ள பூந்துட்டான், வாசல்ல இங்கிலீஷ் மெனு போர்டு வச்ச கடை, பேரு வேணாம். ஆறிப்போன நூடுல்ஸு வந்துச்சு, பில்லும் வந்துச்சு, வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல.

இதுல ஒரு விஷயம் என்னன்னா இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சரியா ஒரு மணி நேரம் வித்தியாசம், அங்க அஞ்சரைன்னா இங்க ஆறரை. போன் தானா மாத்திக்கும், ஆனா நம்ம வயிறு ரெண்டு மூணு நாளைக்கு மதுரை டைம்லயே தான் ஓடும். நமக்கு எட்டரைக்கு பசிக்கும்போது இங்க ஒன்பதரை, காலை சாப்பாட்டுக்கடை பாதி மூடியாச்சு. நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு, கணக்கு வேலை, அனோரதா ரோட்டுக்கு பக்கத்துத் தெருவுல நாலாவது மாடியில குடியிருக்கேன், லிஃப்ட் கெடையாது. வீட்டுக்காரக்கா தமிழ் தான், நாலு தலைமுறையா இங்கயே இருக்குற குடும்பம். வந்த புதுசுல எது நல்லா இருக்கும், எந்தக் கடை நல்லா இருக்கும்னு நான் அவங்களை நச்சரிச்சப்போ "தம்பி, எதுன்னு கேக்காதீங்க, எப்பன்னு கேளுங்க"ன்னாங்க. அப்ப புரியல. இந்த ரிவ்யூ முழுக்க அதைத்தான் சொல்லப்போறேன், கடை பேரெல்லாம் பாதி பர்மா எழுத்துல இருக்குறதால எனக்கே சரியா சொல்லத் தெரியாது.

மொஹிங்கா காலை சாப்பாடு, ஆறுல இருந்து எட்டுக்குள்ள போயிருங்க. கெளுத்தி மீனை வேகவச்சு உதுத்து, எலுமிச்சம்புல்லு, இஞ்சி, பூண்டு, வாழைத்தண்டு போட்டு, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைச்சு விட்டு கெட்டியா கொதிக்கிற கொழம்பு, அதை சேவை மாதிரி இருக்குற அரிசி நூடுல்ஸ் மேல ஊத்தி மல்லித்தழை, மொளகாத்தூள், எலுமிச்சம்பழம், அவிச்ச முட்டை, மேல பருப்பு வடையையோ சுரைக்காய் பஜ்ஜியையோ நொறுக்கிப் போட்டுத் தருவாங்க. வடை மேல இருக்கும்போதே பாதி சாப்பிடணும், ஊறிட்டா அது வேற சாப்பாடு, அதுவும் நல்லா தான் இருக்கும். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார்ல மொய்ங்கா சாப்பிட்டவங்க அதையே எதிர்பாத்து வராதீங்க, இது இன்னும் கெட்டியா, மீன் வாசனை தூக்கலா இருக்கும். அங்க விக்கிற அத்தோ நூடுல்ஸும் அப்படித்தான், இங்க தோக்ன்னா பிசைஞ்சதுன்னு தான் அர்த்தம், நூடுல்ஸ் மட்டும் இல்ல, தேயிலையைப் பிசைஞ்சா லப்பெத் தோக், சமோசாவை வெட்டிப் பிசைஞ்சா சமூசா தோக். நம்ம ஊரு ஆரஞ்சு கலர் நூடுல்ஸைத் தேடி மச்சான் ரெண்டு நாள் அலைஞ்சான், கெடைக்கல.

மொஹிங்கா முடிஞ்சதும் டீக்கடை. இது தான் இந்த ஊர்ல எனக்குப் பிடிச்ச எடம். நம்ம ஊரு அங்கன்வாடியில போடுற மாதிரி குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலு, முட்டி தாடையில இடிக்கும், கொஞ்சம் வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா ரெண்டு ஸ்டூலை ஒன்னு மேல ஒன்னு போட்டுத் தரச் சொல்லுங்க, தருவாங்க. உக்காந்த ஒடனே கேக்காமலே தட்டுல சமோசா, நீட்டு நீட்டா எண்ணெயில பொரிச்ச ஈ ச்சா க்வே, பரோட்டா மாதிரி பலாட்டான்னு டேபிள்ல வச்சிருவாங்க. மச்சான் பயந்துட்டான், "நாம கேக்கவே இல்லையே, எல்லாத்துக்கும் காசு போடுவானா?"ன்னு. போட மாட்டாங்க, எடுத்ததை எண்ணி அதுக்கு மட்டும் தான் காசு, மீதி அப்படியே அடுத்த டேபிளுக்குப் போயிரும், காத்தோட்டமா தூசியோட. அதனால நான் எப்பவும் புதுசா பொரிச்சு எறக்குனதைக் கைகாட்டி வாங்கிக்குவேன், டேபிள்ல இருக்குறதைத் தொடுறதில்ல. பிளாஸ்க்ல சீன டீ ஃப்ரீ, எவ்வளவு வேணாலும். பால் டீ மட்டும் சொல்லி வாங்கணும், கண்டென்ஸ்டு மில்க் ஊத்துறது, ச்சோன்னா இனிப்பு தூக்கலு, ச்சான்னா டிக்காஷன் தூக்கலு, இந்த ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும். பையனைக் கூப்பிட பழைய ஆளுங்க ஒதட்டைக் குவிச்சு முத்தம் குடுக்குற மாதிரி சத்தம் போடுவாங்க, அது இங்க மரியாதைக்குறைவு இல்ல, ஆனா எனக்கு மூணு வருஷம் ஆகியும் வாய் வரல, ஞீலேன்னு கூப்பிட்டுக்குவேன், தம்பின்னு அர்த்தம். டீக்கடைக்கு மட்டும் நேரம் காலம் கெடையாது, எப்ப வேணாலும் போகலாம். அஞ்சுக்கு நாலரை. அரை மார்க்கு ஸ்டூலுக்காக கொறைச்சேன்.

மத்தியானம் தான் முக்கியமான வேளை. பர்மா சோத்துக்கடைன்னா முன்னாடி வரிசையா ட்ரேல கறி இருக்கும், போய் கையைக் காட்டி ஒன்னு ரெண்டு எடுத்தா போதும், காசு அதுக்கு மட்டும் தான். சோறு, சூப்பு, ஒரு கூடை பச்சைக் காய், தொட்டுக்க நாப்பி, ரெண்டு மூணு பொரியல் எல்லாம் கூடவே வந்துரும், சோறும் சூப்பும் திரும்பத் திரும்ப போடுவாங்க. சூப்புல பாதி நாள் ச்சின் பவுங் இருக்கும், வேற ஒன்னும் இல்ல, நம்ம புளிச்சகீரை தான். அந்தக் காய்க் கூடையில வெள்ளரிக்காயோட வல்லாரையும் கெடக்கும். கடைசியில கருப்பட்டித் துண்டு வைப்பாங்க, பனை வெல்லம், நம்ம உடன்குடி ஆளுங்க சண்டைக்கு வரக்கூடாது ஆனா அதுக்கு இது சளைச்சது இல்ல. நாப்பின்னா புளிக்க வச்ச மீன், எறா விழுது, மொதல் தடவை மோந்து பாக்காம நேரா வாயில வச்சிருங்க.

கறி மேல ஒரு விரக்கடை எண்ணெய் நிக்கும், வர்றவங்க எல்லாம் அதைப் பாத்து தான் மொகத்தைச் சுளிக்கிறாங்க. அது அசிங்கம் இல்ல, வெங்காயம் பூண்டு இஞ்சி மொளகா அரைச்சதை வதக்கி தண்ணி வத்தி எண்ணெய் பிரிஞ்சு மேல வந்தா தான் கறி வெந்துச்சுன்னு கணக்கு, அதுக்கு அவங்க வச்சிருக்குற பேரே ஸீ ப்யான், எண்ணெய் திரும்பி வர்றதுன்னு. நம்ம அம்மா கொழம்புக்கு சொல்றதே தான். அந்த எண்ணெய் மூடி மாதிரி மேல நின்னு கொஞ்ச நேரத்துக்குக் கறியைக் கெடாம வச்சுக்கும்னு சொல்லுவாங்க. காலையிலயே சமைச்சு எறக்கிருவாங்க, சுடச்சுட எல்லாம் சாப்பிடுறது இல்ல, வெதுவெதுன்னு தான். பதினொன்னுல இருந்து ஒன்றரைக்குள்ள போனா அருமையா இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு போனா? வந்த புதுசுல நான் போனேன். காலையில சமைச்ச அதே ட்ரே, பகல் பூரா வெயிலு, அடியில மிச்சம் கெடந்த எறாக் கறி. ரெண்டு நாள் ஆபீஸ் போகல. கடைக்காரனைத் திட்டிக்கிட்டு படுத்திருந்தேன், அக்கா ரசம் வச்சுக் குடுத்துட்டு "அங்க யாரு ராத்திரியில போவா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அப்ப தான் எப்பன்னு கேளுங்கன்னு சொன்னதே எனக்கு ஒறைச்சது.

டம்பவுக்னு ஒன்னு, அதுவும் மத்தியானக் கேசு தான். அதாவது பிரியாணி, கோழிக்கால் பெருசா வச்சு, பட்டாணி போட்டு, புளிப்பு சூப்போட. ஆம்பூர் திண்டுக்கல்லோட ஒப்பிட்டா காரம் கம்மி, எனக்கு சுமார் தான். மூணு மணிக்கு மேல தேடிப் போகாதீங்க.

வெள்ளிக்கிழமை மச்சான் சுத்த சைவம், அன்னைக்குத்தான் பயந்தேன். இங்க வெறும் கீரைன்னு சொல்லி வாங்குனாலும் உள்ள காய்ஞ்ச எறாப்பொடியோ மீன் சாஸோ இருக்கும், அவங்களுக்கு அது உப்பு மாதிரி, கறி இல்லைன்னு மனசாரச் சொல்லுவாங்க. அதனால "மீட் வேணாம்"னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, தெத் தத் லுத்னு சொல்லணும், உயிரைக் கொல்லாத சாப்பாடுன்னு அர்த்தம், புத்த ஊருல்ல, ஒடனே புரிஞ்சுக்குவாங்க. ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் அவங்களோட வாசோ காலம், புத்த மதத்து விரத மாசங்க, நெறைய பேரு அப்ப கறி விட்டிருப்பாங்க, சைவம் சுலபமா கெடைக்கும். மாட்டுக்கறிக்குப் பேரு அமே தா, பன்னிக்கறிக்கு வெத் தா, அது வேணாங்கிறவங்க இந்த ரெண்டு பேரையும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. நாங்க அனோரதா ரோடு காளி கோயிலுக்குப் போயிட்டு, 1871ல நம்ம ஆளுங்க கட்டுனது, கோபுரத்தைப் பாத்துட்டு மச்சான் மதுரைக்காரன் தோரணையில ஒரு கருத்தும் சொல்லிட்டு, தெருவுல தோசை வாங்குனோம். இங்க அதுக்குப் பேரு தோஷே. பர்மா பாஷையில எழுதுனா குட்டை நெட்டைன்னு அர்த்தம் வருமாம், அக்கா சொல்லி சிரிப்பாங்க. மொறுமொறுன்னு, உள்ள பட்டாணியும் தேங்காயும். அக்கா எல்லாம் இதுக்குப் படி எறங்குறது கூட இல்ல, பால்கனியில இருந்து கயித்துல பையைக் கட்டி எறக்குவாங்க, காசு கீழ போகும், தோசை மேல வரும்.

ராத்திரிக்கு 19ஆம் தெரு. மகாபந்துலா ரோட்டுக்கும் அனோரதா ரோட்டுக்கும் நடுவுல இருக்குற துண்டு, சாயங்காலம் ஆனா தெருவே டேபிளாயிரும். குச்சியில குத்தி வச்சிருப்பாங்க, கூடையில எடுத்துப் போட்டா சுட்டுத் தருவாங்க, வெண்டைக்காயில இருந்து முழு மீன் வரைக்கும். கண்ணு முன்னாடி சுடுறது, அதனால ராத்திரிக்கு இது தான் சரி. ஆனா கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு தெரியாத ஊர்ல ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, கூட்டம் இருக்குற கடையில மட்டும் எடுங்க, மீன் கண்ணைப் பாருங்க, உள்ள வேகலைன்னா திருப்பி அடுப்புல போடச் சொல்ல கூச்சப்படாதீங்க. சத்தம் தாங்காது, பீர் ஆளுங்க ஜாஸ்தி, கொழந்தைங்களோட போறதா இருந்தா ஏழு மணிக்கெல்லாம் முடிச்சுட்டு வந்துருங்க.

மத்த ஊருலயும் இதே கதை தான். பாங்காக் சைனாடவுன் யவாராட்ல பகல்ல போய் நின்னா வெறும் தங்கக்கடை தான், இருட்டுனா தான் அடுப்பே ஏறும். சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்ல நல்ல கடை மத்தியானத்தோட தீந்துரும், அங்க டேபிள் மேல டிஷ்யூ பாக்கெட் இருந்தா யாரோ எடம் புடிச்சுட்டாங்கன்னு அர்த்தம், தெரியாம உக்காந்து நான் வாங்கிக்கட்டிக்கிட்டேன். ஸ்பெயின் போன ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தன் ஏழு மணிக்கு டின்னர் தேடிட்டு பட்டினியா படுத்தான், அங்க ஒன்பதுக்கு முன்னாடி அடுப்பு பத்தாது போல.

வெல எதுவும் எழுதல, இங்க மாசத்துக்கு மாசம் மாறுது, நான் எழுதி நீங்க சண்டை போட வேணாம். பில்லுல எண்ணு எல்லாம் பர்மா எழுத்துல வட்டம் வட்டமா இருக்கும், ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் பிளைட்லயே படிச்சுருங்க. காசு குடுக்கும்போது வலது கையில நீட்டி இடது கையை முழங்கையில வச்சுக் குடுத்தா மொஹிங்கா அம்மா மொகமே மாறும், எனக்கு ஒரு வடை எக்ஸ்ட்ரா விழுறது இதனால தான்னு நெனைக்கிறேன்.

மச்சான் கடைசி நாள் என்னை அஞ்சே முக்காலுக்கு எழுப்பிட்டான். ரெண்டு கிண்ணம் மொஹிங்கா, "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு மாப்ள"ன்னு வேற. ஏப்ரல் நடுவுல வர்றவங்க மட்டும் யோசிச்சு வாங்க, நம்ம சித்திரை பொறக்குற அதே வாரம் இங்க தின்ஜான், தண்ணி ஊத்துற திருவிழா, பெரும்பாலான கடை நாள்கணக்குல மூடிருவாங்க. அப்ப எனக்கு மூணு வேளையும் அக்கா வீட்டு சாப்பாடு தான், அதுக்கு மார்க் போடுற தைரியம் எனக்கு இல்ல.