நர்சிங் முடிச்சாச்சு, கல்ஃபா இங்கிலாந்தா ஜெர்மனியா? கூடலூர் பிள்ளைங்களுக்காக ஒரு அலசல்

நீலகிரில கூடலூர், பந்தலூர் பக்கம் இப்ப தெருவுக்கு ஒருத்தராச்சும் நர்சிங் முடிச்சிட்டு வெளிநாட்டுக்கு ட்ரை பண்ணிட்டு இருக்காங்க. பசுந்தேயிலைக்கு கிலோ இருபது ரூபா கெடைக்குறதே பெருசுங்குற நெலமையில எஸ்டேட்ட நம்பி எந்த அம்மா அப்பாவும் பிள்ளைய வச்சிருக்க முடியாது, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் சவுதில இருந்துட்டு அப்புறம் இங்கிலாந்து வந்தவ, என் சித்தி பொண்ணு ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கா, அதனால "அக்கா எங்க போகலாம்"னு ஊர்ல இருந்து போன் வந்துட்டே இருக்கு. மொத்தமா ஒரு தடவ விளக்கமா எழுதிடலாம்னுதான் இது.

முதல்லயே சொல்லிடுறேன், சம்பளத்த மட்டும் வச்சு நான் ஒப்பிடல. போய் இறங்குன முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்த எங்க தாங்க முடியும், யாரு கூட இருந்து தாங்க முடியும், தலையில எவ்ளோ கடன வச்சிக்கிட்டு தாங்க முடியும், இதுதான் என் கணக்கு. சம்பளம் அதுக்கு அப்புறம்.

கல்ஃப்ல இருந்து ஆரம்பிக்கிறேன். போய் சேர்றதுக்கு இருக்குறதுலயே சுலபமான வழி இதுதான். சர்டிஃபிகேட்ட டேட்டாஃப்ளோங்குற கம்பெனில சரிபார்ப்பாங்க, ப்ரோமெட்ரிக் பரீட்சை ஒண்ணு, பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்க, புது மொழி படிக்க வேண்டிய அவசியம் இல்ல. ஆஸ்பத்திரியே தங்க எடம் குடுத்துரும், டூட்டிக்கு பஸ் வரும், சம்பளத்துல இன்கம் டாக்ஸ் கெடையாது, அதனால முதல் மாசத்துல இருந்தே வீட்டுக்கு பணம் அனுப்ப முடியும். நம்ம பக்கத்து பிள்ளைங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கு, கூடலூர்க்காரங்க எல்லாருக்கும் மலையாளம் வாயில நிக்கும், அங்க வார்டு முழுக்க மலையாளி சிஸ்டர்ஸ்தான், போன அன்னிக்கே "வா மோளே"ன்னு கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சு சோறு போட்டாங்க எனக்கு. ஊருக்கு வரணும்னாலும் கோழிக்கோடு ஏர்போர்ட் இருக்குற கரிப்பூர்ல இறங்கி நிலம்பூர் வழியா நாடுகாணி ஏறுனா வீடு வந்துரும். வீட்டுல ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா அடுத்த நாள் வந்து நிக்கலாம், இது சாதாரண விஷயம் இல்ல, அம்மா அப்பாவுக்கு வயசாகிட்டு இருக்குறவங்க நல்லா யோசிங்க.

ஆனா அங்க நிரந்தரமா குடியேறுறது பெரும்பாலானவங்களுக்கு நடக்காத காரியம். வேலை இருக்குற வரைக்கும் இக்காமா, அதாவது தங்குறதுக்கான அனுமதி, வேலை போச்சுன்னா கெளம்பணும், எத்தன வருஷம் இருந்தாலும் பெரும்பாலும் இதுதான். சவுதில குடும்பத்த கூட்டிட்டு வந்தா தலைக்கு மாசம் 400 ரியால் கட்டணும், புருஷன் ரெண்டு பிள்ளைன்னா 1,200 ரியால் அங்கயே போச்சு. துபாய் பக்கம் 4,000 திர்ஹாம் சம்பளம், இல்லன்னா 3,000 திர்ஹாமும் தங்க எடமும் இருந்தா குடும்ப விசா எடுக்கலாம், ஆனா வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் சேந்தா மிச்சம் பிடிக்குறது கஷ்டம். அதனால பெரும்பாலானவங்க பிள்ளைய பாட்டிகிட்ட விட்டுட்டு வீடியோ கால்ல வளக்குறாங்க. கெளம்பும்போது கிராஜுவிட்டி வரும், எமிரேட்ஸ்ல முதல் 5 வருஷத்துக்கு வருஷம் ஒண்ணுக்கு 21 நாள் பேசிக், சவுதில அரை மாச சம்பளம், 5 வருஷத்துக்கு மேல உள்ள ஒவ்வொரு வருஷத்துக்கும் ரெண்டு எடத்துலயும் ஒரு மாசம். குறிப்பா எமிரேட்ஸ் போறவங்க பேசிக் சம்பளம் எவ்ளோன்னு காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே பாருங்க, அலவன்ஸ ஏத்தி பேசிக்க கொறச்சு வச்சிருந்தா கடைசில கைக்கு ஒண்ணும் நிக்காது. வெயில பத்தி தனியா சொல்ல வேண்டாம், 45 டிகிரிக்கு மேல போகும், மலைல பொறந்து வளந்த உடம்புக்கு அது கீழ்நாட்டுக்காரங்கள விட கஷ்டம்தான், ஆனா ஏசிலயே இருக்குறதால பழகிரும்.

இங்கிலாந்துன்னா பேப்பர் வேலை அதிகம், ஆனா ஒழுங்கா எழுதி வச்ச பாதை. ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைல படிக்க, கேக்க, பேச 7, எழுத 6.5 வேணும், இல்லன்னா ஓஇடி எழுதலாம், நர்ஸுக்கு ஓஇடிதான் சுலபம்னு எனக்கு தோணுது, ஏன்னா கேள்வி பூரா ஆஸ்பத்திரி விஷயம். அப்புறம் இந்தியாலயே கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை, அங்க போய் ஆஸ்கின்னு ஒரு செய்முறை பரீட்சை, அதுல பத்து ஸ்டேஷன். போன 12 வாரத்துக்குள்ள முதல் தடவ எழுதிரணும், 8 மாசத்துக்குள்ள பாஸ் ஆகணும். அந்த பரீட்சைக்கு மட்டும் 794 பவுண்ட், பெரும்பாலும் ஆஸ்பத்திரியே கட்டும். பாஸ் ஆகி நர்ஸா பதிவான பின் நம்பர் வர்ற வரைக்கும் கொறஞ்ச பேண்ட்ல, அதாவது கொறஞ்ச சம்பளப் படிலதான் சம்பளம், அந்த மாசங்கள்ல வீட்டுக்கு பணம் அனுப்பலன்னு யாரும் கோவிச்சுக்காதீங்கன்னு முன்னாடியே ஊர்ல சொல்லிட்டு போங்க. பேண்ட் 5 ஆரம்ப சம்பளம் 2025-26ல வருஷம் 31,049 பவுண்ட், வரி, இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போக மாசம் கைக்கு ஏறக்குறைய 2,000 நிக்கும். அதுல வாடகை, கவுன்சில் டாக்ஸ், கேஸ், கரண்ட், பஸ். நூறால பெருக்கி ரூபாயாக்கி சந்தோஷப்படுறவங்க இந்த செலவையும் அதே நூறால பெருக்கி பாக்கணும்.

நீலகிரிக்காரங்க எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை இருக்கு, "நமக்கென்ன, ஊட்டி குளிருதானே". அப்படி இல்ல. தலைக்குந்தால மார்கழில புல்லு மேல உறைபனி வெள்ளையா கெடக்கும், ஆனா எட்டு ஒன்பது மணிக்கு வெயில் வந்து முதுகுல அடிக்கும் பாருங்க, அந்த வெயில் அங்க கெடையாது. டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிரும், காலைல எட்டு மணிக்குதான் வெளிச்சம், லாங் டேன்னு காலைல ஏழரைல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் டூட்டி பாத்தா வாரம் முழுக்க சூரியனயே பாக்காம போகும். ஊட்டியில ஹீட்டர் இல்லாத வீட்டுல மப்ளர் கட்டிக்கிட்டு படுத்த நமக்கு அங்க வீட்டுக்குள்ள இருக்குற குளிர் ஒண்ணுமே இல்ல, மனச அமுக்குறது அந்த இருட்டும் விடாத தூறலும்தான். இலையுதிர் காலத்துலயும் குளிர் காலத்துலயும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுங்கன்னு அந்த ஊர் அரசு மருத்துவத்துறை என்எச்எஸ்ஸே சொல்லுது, நம்ம தோலுக்கு அது கட்டாயம், ஆரம்பத்துல இருந்தே எடுங்க. தேவாலா பக்கம் ஆடி மழையில துணி காயாம செவுத்துல பூஞ்சை பிடிக்குமே, அதே பூஞ்சை அங்க வாடகை வீட்டுல வரும், ஈரத்துணிய ரூமுக்குள்ள காய போட்டுட்டு ஜன்னல அடைச்சே வைக்காதீங்க. ஊட்டி மார்க்கெட்ல ஸ்வெட்டர் அள்ளிட்டு போக வேண்டாம், மழை உள்ள எறங்காத நல்ல கோட்டு ஒண்ணும் ஒழுகாத ஷூவும் அங்க போய் வாங்குங்க.

வீடு எடுக்குறப்ப அட்வான்ஸா அஞ்சு வாரத்து வாடகைக்கு மேல கேக்கக்கூடாதுன்னு இங்கிலாந்துல 2019ல இருந்து சட்டம் இருக்கு, அதிகமா கேட்டா குடுக்காதீங்க. நம்ம லைசென்ஸ வச்சு 12 மாசம் வண்டி ஓட்டலாம், ஜெர்மனில 6 மாசம்தான், துபாய்ல நேரா மாத்தவே முடியாது, புதுசா டெஸ்ட் குடுக்கணும். கல்லட்டி 36 கொண்டை ஊசில ஓட்டுனவனும் இங்கிலாந்து ரவுண்டானால ஃபெயில் ஆகுறான்.

இங்கிலாந்தோட பெரிய பலம் குடும்பம். நர்ஸ் விசால புருஷனும் பிள்ளைங்களும் கூட வரலாம், புருஷன் வேலைக்கும் போகலாம், விசாவோட கட்டுற ஹெல்த் சர்சார்ஜ் கட்ட வேண்டாம், அரசு ஸ்கூல்ல பீஸ் இல்ல. சின்னக் குழந்தைய பகல் முழுக்க பாத்துக்க விடுற எடத்துக்கு மட்டும் சம்பளத்துல பெரிய பங்கு போயிரும், அதனால நம்ம ஆளுங்க அவரு நைட்டு இவ டே-ன்னு மாத்தி மாத்தி ஓட்டுறாங்க, ஒருத்தர ஒருத்தர் கதவுகிட்ட பாத்துக்குறதோட சரி. ரெண்டு விஷயம் மனசுல வச்சிக்கோங்க. 2024க்கு அப்புறம் வெளிநாட்டு நர்ஸ் எடுக்குறத அங்க ரொம்ப கொறச்சிட்டாங்க. அடுத்தது, 5 வருஷத்துல கெடச்ச நிரந்தரமா தங்குற அனுமதிய 10 வருஷமாக்கப் போறதா 2025 மே மாசம் அரசாங்கமே அறிவிச்சிருக்கு. அத நம்பி பிளான் போடுறவங்க பத்துன்னே கணக்கு போடுங்க.

இப்ப ஜெர்மனி. இத ரொம்ப பேர் மொழிய பாத்து பயந்தே விட்டுர்றாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஜெர்மன் மொழில ஆரம்பப் படியான ஏ1ல இருந்து பி2 படி வரைக்கும் முழு நேரமா உக்காந்து படிச்சாலே ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். கோத்தே நிறுவனத்தோட பி1 பரீட்சைல நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 60 மார்க் எடுக்கணும், ஒரு பகுதில விட்டா அத மட்டும் திரும்ப எழுதலாம். அங்க போய் நம்ம படிப்ப அங்கீகாரம் வாங்குற வரைக்கும் உதவியாளர் சம்பளம், அதுக்கு ஒரு பயிற்சியோ பரீட்சையோ முடிக்கணும். அங்கீகாரம் வந்ததும் மொத்த சம்பளம் 3,000 யூரோக்கு மேல, தனியாளா இருந்தா அதுல மூணுல ஒரு பங்கு வரியும் இன்ஷூரன்ஸும் பிடிச்சிருவாங்க.

வேலையே வேற மாதிரி. நம்ம ஊர்ல அட்டெண்டர் பாக்குற வேலைய எல்லாம் அங்க நர்ஸ்தான் பாக்கணும், குளிப்பாட்டி விடுறது, ஊட்டி விடுறது, பெட் மாத்துறது. ஐவி போடுறது பெரும்பாலும் டாக்டர் வேலை. பிஎஸ்சி படிச்சிட்டு இதுக்கா வந்தோம்னு என் சித்தி பொண்ணு ஆரம்பத்துல தெனம் அழுதா. கிளாஸ்ல படிச்ச ஜெர்மன் ஒண்ணு, அந்த ஊர் பாட்டிங்க பேசுறது இன்னொண்ணு, டூட்டி மாறும்போது குடுக்குற ஹேண்டோவர்ல பாதி புரியாது. வாடகைக்கு வீடு கெடச்சு உள்ள போய் பாத்தா சமையல்கட்டுல ஒண்ணுமே இல்ல, சிங்க் இல்ல, அடுப்பு மேடை இல்ல, மேல பல்பு கூட இல்லாம ஒயர் தொங்குது, போன குடித்தனக்காரங்க எல்லாத்தையும் கழட்டிட்டு போயிருக்காங்க, அங்க அதுதான் வழக்கமாம். வீட்டுல குடியேறுன ரெண்டு வாரத்துக்குள்ள போய் அட்ரஸ் பதியணும், அது இல்லாம பேங்க் அக்கவுண்ட்ல இருந்து எல்லாமே சிக்கல். ஞாயித்துக்கிழம கடை தொறக்காது, சனிக்கிழமையே அரிசி பால் வாங்கி வச்சிரணும், அன்னிக்கு மிக்ஸி போட்டாலே பக்கத்து வீட்டுக்காரங்க கதவ தட்டுவாங்க.

இவ்ளோ சொல்லிட்டு ஏன் ஜெர்மனிய தூக்கி பிடிக்கிறேன்னா, கஷ்டம் பூரா முன்னாடியே வந்து முடிஞ்சிருது. அங்கீகாரம் வாங்கி வேலை பாத்து 3 வருஷம் பென்ஷன் கட்டி பி1 மொழி இருந்தா நிரந்தர அனுமதிக்கு போடலாம், 5 வருஷத்துல குடியுரிமைக்கும் போடலாம், அப்ப நம்ம இந்திய பாஸ்போர்ட்ட விட்டுரணும்ங்குறதையும் யோசிச்சுக்கோங்க. பிள்ளை ஒண்ணுக்கு மாசாமாசம் அரசாங்கமே பணம் குடுக்குது, 2025ல அது 255 யூரோவா இருந்துச்சு. காலேஜுக்கும் பெரும்பாலும் ஃபீஸ் இல்ல. இப்ப என் சித்தி பொண்ணு அதே பாட்டிங்ககிட்ட அவங்க பேச்சுலயே வாய் குடுக்குறா, லீவு எடுக்க யாரு கால்லயும் விழ வேண்டியதில்லன்னு சொல்றா.

கடன் விஷயத்த தனியா சொல்லியே ஆகணும். கூடலூர்ல பாதி பேருக்கு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்து செக்‌ஷன் 17ல வர்ற நிலம், பட்டா கெடையாது, பேங்க்ல அடமானம் வைக்க முடியாது, அதனால நகையையும் மீட்டர் வட்டியையும் நம்பி ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்குல கொட்டுறாங்க. இந்தியால லைசென்ஸ் வாங்குன ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லைசென்ஸ் இருக்கா இல்லையான்னு இந்திய அரசோட இமைக்ரேட் தளத்துல பாத்துரலாம். இங்கிலாந்துல வேலை தேடித் தர காசு கேக்குறதே சட்டப்படி தப்பு. தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978ல இருந்து சென்னைல இருக்கு, நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, அங்க முதல்ல பதிஞ்சு வைங்க. கேர் விசால, அதாவது வயசானவங்களையும் முடியாதவங்களையும் பாத்துக்குற வேலைக்கு, இங்கிலாந்து அனுப்புறேன்னு இப்ப எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, 2025 ஜூலை 22ல இருந்து வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வேலைக்கு எடுக்குறத இங்கிலாந்து நிறுத்திருச்சு.

என்கிட்ட நேரா கேட்டா, வீட்டுல கடன் கழுத்த நெரிக்குது, தம்பி தங்கச்சி படிக்குறாங்கன்னா கல்ஃப் போங்க, ஆனா அங்க இருக்கும்போதே ஓஇடியோ ஜெர்மனோ படிக்க ஆரம்பிச்சிருங்க, ரெண்டு காண்ட்ராக்ட்டுக்கு மேல உக்காராதீங்க. கல்யாணம் ஆகி பிள்ளை இருக்கு, இங்கிலீஷ் நல்லா வரும், அனுபவமும் இருக்குன்னா இங்கிலாந்து, ஆஃபர் கெடைக்க நேரம் ஆகும்னு பொறுமையா இருங்க. இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு, கல்யாணம் ஆகல, வீட்டுல ஒரு வருஷம் தாக்குப் பிடிக்கும்னா ஜெர்மனிதான், யோசிக்கவே வேண்டாம், என் சொந்த தங்கச்சியா இருந்தா கையப் பிடிச்சு கோயமுத்தூர் கூட்டிட்டு போய் கிளாஸ்ல சேத்து விட்டிருப்பேன்.

எந்த நாடா இருந்தாலும் ஒரு வேலைய இப்பவே, காலேஜ்ல இருக்கும்போதே முடிச்சிருங்க. பேரு. நம்ம குடும்பங்கள்ல பாதி பேரு 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து மண்டபம் கேம்ப் வழியா வந்தவங்க, அப்பாயியோட ஃபேமிலி கார்டுல ஒரு பேரு, அப்பா ரேஷன் கார்டுல ஒரு பேரு, நம்ம மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்ல அந்த இனிஷியல விரிச்சு எழுதுனா எழுத்து மாறி நிக்கும். டேட்டாஃப்ளோல இருந்து ஜெர்மன் ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் பிடிக்குறது இதத்தான், அங்க போனப்புறம் ஊர்ல இருக்குற வயசான அப்பாவ தாலுகா ஆபீஸுக்கு அலைய விடாதீங்க. பிறப்பு சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட், பாஸ்போர்ட், நர்சிங் கவுன்சில் பதிவு நாலுலயும் ஒரே எழுத்து இருக்கான்னு பாருங்க, மாறியிருந்தா கெஜட்ல திருத்திட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு போடுங்க.