வைப்புநிதியா, ஆளுக்கொரு பிள்ளையா?

தஞ்சாவூர்ப் பக்கம் நாங்கள் படித்த கத்தோலிக்கப் பள்ளிக்கு உதவ, பழைய மாணவர் குழுவில் இரண்டு கட்சி. மொத்தமாக வைப்புநிதி போட்டு, அதன் வட்டியில் உதவலாம் என்று ஒன்று. ஆளுக்கொரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கலாம் என்று இன்னொன்று.

செலவு: ஒரு லட்சம் போட்டால், 7 சதவீத வட்டியில் வருடத்துக்கு 7,000 ரூபாய்தான். நேரே கொடுத்தால் முழுப்பணமும் இந்த வருடமே உதவும்.

நிலைப்பு: நாம் மறந்தாலும் வைப்புநிதி நிற்கும். நேரடி உதவி, கொடுப்பவருக்கு வேலை போனால் நின்றுவிடும். எட்டாவதில் ஏற்றுப் பத்தாவதில் கைவிடுவது பெரிய பாவம்.

வசதி: இதில் நேரடி உதவிதான் ஜெயிக்கிறது, தேவைப்படும் வாரத்திலேயே கொடுக்கலாம். சம்பா அறுத்த காசு மாசியோடு சரி. ஜூனில் குறுவை நாற்றுக்கே கடன் வாங்கும் வீட்டில், ஹாஸ்டல் பணம், ஷூ, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம். இடிப்பது இந்தச் சில்லறைதான்.

வரி: நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் அனுமதி (80ஜி என்பார்கள்) உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பழைய வரிமுறையில் கழிவு உண்டு, ரொக்கமென்றால் 2,000 ரூபாய் வரைதான். பிள்ளையின் அப்பா கையில் கொடுத்தால் கழிவு கிடையாது.

வெள்ளிவிழாவுக்குச் சேரும் பெரிய தொகையா, வைப்புநிதி. மாதச் சம்பளக்காரரா, ஒரு பிள்ளை, பன்னிரண்டாவது முடியும்வரை. நான் இரண்டாவது கட்சி.